பங்கிலாப நாளும் பங்கின் விலையும்



கம்பனி ஒன்றின் பங்கினைப் பங்கிலாபம் கொடுபடுவதற்குச் சில நாட்களின் முன் வாங்கவேண்டும். பங்கிலாபத்துக்கு உரிமை கிடைத்ததும் அதனை விற்றுவிடவேண்டும். விற்ற பணத்தைக் கொண்டு, அடுத்துப் பங்கிலாபம் கொடுக்கவிருக்கும் வேறொரு கம்பனியின் பங்கினை வாங்கவேண்டும். இவ்வாறு பூவுக்குப் பூ தாவும் வண்டுபோல ஆண்டு முழுவதும் தாவிச் சென்றால், ஓரிடத்தில் நின்று ஒரு முறை பெறும் பங்கிலாபத்தைப் பல இடங்களிற் பல முறை பெறலாம். இப்படியொரு யோசனை, கையில் சிறிது சேமிப்புள்ளவர்களிடையே அடிக்கடி அடிபடுகிறது.

இளைப்பாறிய ஆசிரிய நண்பர் ஒருவர் இதனை எனக்குக் கணக்கெழுதியே காட்டினார். பணிக்கொடையாகக் கிடைத்த பணத்தில் 5 இலட்சம் ரூபா. ஒரு சுற்றுக்கு 5 வீதம். ஆண்டுக்குப் பத்துச் சுற்று. ஆகவே ஆண்டுக்கு 50 வீதம். “இவ்வளவை எந்த வங்கி தரும்?” என்று கேட்டார். அவருடைய கூட்டலிலும் பெருக்கலிலும் பிழையில்லை. ஆனால், எழுதவேண்டிய ஒரு வரியை அவர் எழுதாது விட்டிருந்தார். பங்கிலாப உரிமை நீங்கும் அன்று பங்கின் விலை என்னவாகும் என்பதே அந்த வரி. முப்பதாண்டுச் சேவையின் பயனாக ஒரே முறை கிடைக்கும் பணம் அந்த ஒரு வரியைப் பொறுத்திருக்கிறது. ஆதலின், இன்றைய பேச்சை அதற்கே ஒதுக்க எண்ணினேன்.

பங்கிலாபம் என்பது யாது? கம்பனி ஈட்டிய இலாபத்தில் ஒரு பகுதியை அதன் பங்குதாரருக்குப் பகிர்ந்தளிப்பது. அப்பணம் கம்பனியின் பெட்டகத்திலிருந்தே புறப்படுகிறது, வேறெங்கிருந்தும் வருவதில்லை. நம் நாட்டின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், பகிர்ந்தளித்த பின்னரும் கம்பனி தன் கடன்களைத் தீர்க்க வல்லதாய் இருக்கவேண்டுமென்று விதித்து, அதற்குக் கணக்காய்வாளரின் அத்தாட்சியையும் கேட்கிறது. இத்தகைய விதியொன்று வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே ஓர் உண்மை புலனாகும். கொடுத்த அளவுக்குக் கம்பனி மெலிகிறது. நேற்று அதன் கையில் 100 கோடி ரூபா காசு இருந்து, அதில் 10 கோடி நேற்றைய பங்குதாரருக்கே உரியதென்று ஒதுக்கப்பட்டுவிட்டதாயின், இன்று புதிதாகப் பங்கு வாங்குபவர் நேற்றைய விலையை ஏன் கொடுக்கவேண்டும்?

பளைப் பக்கத்திலோ சிலாபத்திலோ தென்னந்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஏறக்குறைய இரண்டு மாதத்திற்கொரு முறை அங்கே தேங்காய் பறிக்கப்படுகிறது. பறிப்புக்கு முதல் வாரம் தோட்டத்தை விற்பவர், மரத்தில் நிற்கும் காயையும் விலையிற் சேர்த்தே கேட்பார். அல்லாவிடின், ‘இந்தப் பறிப்பு எனக்கு, தோட்டம் உமக்கு’ என்று பேசி விலையைச் சற்றுக் குறைப்பார். ‘காய்க்குக் காசு வேண்டாம், நீர் தோட்டத்தை வாங்கிக் காயைப் பறித்து விற்றுக்கொண்டு, அடுத்த வாரம் தந்த விலைக்கே எனக்குத் திருப்பித் தாரும்’ என்று சொல்லும் தோட்டக்காரர் ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. பங்குச் சந்தையில் மட்டும் அத்தகைய தோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கிற் காத்திருக்கிறார்கள் என்று நம்புவதே நான் தொடக்கத்திற் கூறிய யோசனையின் அத்திவாரம்.

இனி நாட்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பங்கிலாபம் கொடுக்கப்போவதாகக் கம்பனி அறிவிப்பது ஒரு நாள். பணம் உண்மையிற் கைக்கு வருவது, பல வாரங்கள் கழித்தும் வரக்கூடிய, வேறொரு நாள். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நாள் இருக்கிறது. அந்நாளுக்கு முன் வாங்கியவருக்கே அந்தப் பங்கிலாபம். அந்நாளிலோ அதன் பின்னரோ வாங்கியவருக்கு அது இல்லை, விற்றவருக்கே போய்விடும். சந்தைக்காரர் இதனை ‘எக்ஸ் டிவிடெண்ட் நாள்’ என்பர். சுருக்கமாக ‘எக்ஸ் டி’ என்றும் சொல்வர். நாம் ‘உரிமை நீங்கு நாள்’ என்று வைத்துக்கொள்வோம். காய் பறித்த தோட்டமாகப் பங்கு சந்தைக்கு வருவது அன்றுதான். பணம் கிடைக்கும் நாளன்று விலை இறங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த இறக்கம் உரிமை நீங்கு நாளன்றே நடந்து முடிந்துவிடும்.

அப்படியானால், பங்கிலாபம் 5 ரூபாவெனில் விலையும் சரியாக 5 ரூபா இறங்குமா? இந்த இடத்திலேதான் விடயம் சுவையாகிறது. அமெரிக்காவில் காம்பெல், பெரனெக் என்னும் இருவர் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பங்கிலாபத்தில் ஏறக்குறைய 90 வீதமளவே விலை இறங்குகிறதென்று கண்டனர். 1970ஆம் ஆண்டில் எல்ட்டன், குரூபர் என்னும் பேராசிரியர் இருவர், 1966, 1967ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் சந்தையில் நிகழ்ந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட பங்கிலாபங்களை ஆராய்ந்து, இறக்கம் சராசரியாக 78 வீதம் என்றனர். அக்காலத்தில் அந்நாட்டிற் பங்கிலாபத்துக்கு வரி கூட, விலையேற்றத்தால் வரும் ஆதாயத்துக்கு வரி குறைவு. வரி போக எஞ்சுவதைப் பார்த்தே மக்கள் பங்கிலாபத்தை மதிக்கிறார்கள், ஆதலால் விலை முழுவதும் இறங்குவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

நல்ல விளக்கந்தான். ஆயின், பங்கிலாபத்துக்கும் வரியில்லை, விலையாதாயத்துக்கும் வரியில்லை என்றிருந்த ஹொங்கொங்கிலும் இறக்கம் குறைவாகவே இருந்தது. பிராங்க், ஜகந்நாதன் ஆகிய இருவர் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே சராசரிப் பங்கிலாபம் 12 சதம். விலை இறங்கியதோ 6 சதம். பாதிதான்! நம் நண்பர் இதனைக் கேட்டால் துள்ளியெழுவார். ஆனால், அந்த ஆய்வாளர் கண்ட காரணத்தையும் கேட்கவேண்டும். சந்தையில் எந்த நேரமும் இரண்டு விலைகள் உண்டு. வாங்க நிற்பவர் தர இசையும் விலை ஒன்று. விற்க நிற்பவர் கேட்கும் விலை மற்றொன்று. பின்னையது எப்பொழுதும் சற்றுக் கூட. பங்கிலாபத்தை வாங்கி மறுபடியும் முதலிடும் தொல்லையை விரும்பாத சாதாரண மக்கள், உரிமை நீங்கு முன் அவசரமாக விற்கின்றனர். ஆகவே அன்றைய கடைசி விலை குறைந்த விலையாகப் பதிவாகிறது. வாங்க விரும்புவோரோ உரிமை நீங்கும் வரை காத்திருந்து வாங்குகின்றனர். ஆகவே அன்றைய விலை கூடிய விலையாகப் பதிவாகிறது. பதிவேட்டில் இறக்கம் சிறிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். நண்பர் செய்ய நினைப்பது இதற்கு நேர்மாறானது. அவர் முன்னர் வாங்கவேண்டும், பின்னர் விற்கவேண்டும். அதாவது கூடிய விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்கவேண்டும். பதிவேட்டில் தெரியும் அந்த 6 சதம் அவர் கைக்கு எட்டாது. கொழும்பிலே பல பங்குகள் நாளொன்றுக்கு மிகச் சிலவே கைமாறுகின்றன. அத்தகைய பங்குகளில் இவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் அகலமானது.

இப்பொழுது நண்பரின் தாளை எடுத்து, விடுபட்டவற்றையும் சேர்த்து எழுதுவோம். கையிற் காகிதமும் பென்சிலும் உள்ளவர்கள் கூடவே எழுதிப் பார்க்கலாம்.

பங்கொன்று 100 ரூபா. 5 இலட்சம் ரூபாவுக்கு 5,000 பங்குகள். பங்கொன்றுக்குப் பங்கிலாபம் 5 ரூபா. மொத்தம் 25,000 ரூபா. இதில் 15 வீதம், அதாவது 3,750 ரூபா, வரியாகக் கழிக்கப்பட்ட பின்னரே பணம் கைக்கு வரும்; 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பொதுவான நடைமுறை இது. எஞ்சுவது 21,250 ரூபா. அடுத்து, தரகுக் கூலியும் அதனோடு சேர்ந்த ஏனைய கட்டணங்களும். கொழும்புச் சந்தையில் சாதாரண முதலீட்டாளருக்கு இவை எல்லாம் சேர்ந்து 1.12 வீதம், வாங்கும்பொழுது ஒரு முறை, விற்கும்பொழுது மறுமுறை. வாங்குகையில் 5,600 ரூபா. விலை 95 ரூபாவுக்கு இறங்கியபின் விற்றால் வருவது 4,75,000 ரூபா. அதன்மேற் கட்டணம் 5,320 ரூபா. வரவையும் செலவையும் நேருக்கு நேர் நிறுத்தினால், நண்பருக்கு அந்த ஒரு சுற்றில் நட்டம் 14,670 ரூபா. இவ்வாறே பத்துச் சுற்றுச் சென்றால், முதலில் காற்பங்குக்குச் சற்று மேலாகக் கரைந்துபோகும். ஐம்பது வீதம் பெருகவேண்டிய பணத்தின் கதி இது.

விலை முழுவதும் இறங்காமல் 4 ரூபா மட்டும் இறங்கிற்றென்று கொள்வோம். அப்பொழுதும் நட்டம் 9,726 ரூபா. நட்டமுமின்றி இலாபமுமின்றித் தப்பவேண்டுமாயின், 5 ரூபாப் பங்கிலாபத்துக்கு விலை ஏறக்குறைய 2 ரூபாவுக்கு மேல் இறங்கலாகாது. எங்கோ ஒரு பங்கில் ஒரு முறை அப்படி நேரலாம். ஆண்டுக்குப் பத்து முறை அது நேருமென்று நம்பி எந்தக் குடும்பமும் உலை வைக்க முடியாது.

இன்னொன்று. விலை ஒவ்வொரு நாளும் வேறு நூறு காரணங்களுக்காக ஏறியிறங்குகிறது. சில நாட்களுக்கென்று வாங்கியவர் அந்தச் சில நாட்களின் காற்றுக்கெல்லாம் அசையவேண்டும். சந்தையின் கதவே மூடப்படுவதும் உண்டு. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றின்பொருட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டபொழுது, மார்ச் மாதம் மூடப்பட்ட கொழும்புப் பங்குச் சந்தை மே மாதம் 11ஆந் திகதியே மீளத் திறந்தது. 2022ஆம் ஆண்டில், நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்ததாக அறிவித்ததை அடுத்து, ஏப்ரில் 18ஆந் திகதி முதல் ஒரு வாரம் சந்தை மூடியே இருந்தது. நீண்டகாலத்துக்கென்று வைத்திருந்தவர் பெருமூச்சு விட்டுப் பொறுத்திருந்தார். ‘அடுத்த கிழமை விற்பேன்’ என்று வாங்கியவருக்கு அடுத்த கிழமையே இல்லாமற் போயிற்று.

உரிமை கிடைத்துவிட்டால் பங்கிலாபம் கிடைத்ததுபோலத்தான் என்று சொல்வோருக்கு ஹொங்கொங்கில் நிகழ்ந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். எச்.எஸ்.பி.சி. வங்கி 2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பங்கொன்றுக்கு 21 அமெரிக்கச் சதம் பங்கிலாபம் அறிவித்தது. பெப்ரவரி 27ஆந் திகதி உரிமை நீங்கு நாள். பணம் கொடுக்கும் நாள் ஏப்ரில் 14. இரண்டுக்கும் இடையில், மார்ச் மாத இறுதியில், தொற்றுக்காலத்தில் வங்கிகள் பணத்தைக் கையிலேயே வைத்திருக்கவேண்டுமென்று பிரித்தானிய மேற்பார்வை அதிகாரிகள் கேட்டுக்கொண்டனர். வங்கியும் அந்தப் பங்கிலாபத்தை இரத்துச் செய்தது. உரிமை நீங்கு நாளோ ஒரு மாதத்துக்கு முன்னரே கடந்துவிட்டது. அந்தப் பங்கிலாபத்தை எண்ணி வாங்கியவருக்குப் பங்கிலாபம் வரவில்லை. செய்தி வெளியானதும் ஹொங்கொங்கில் அப்பங்கின் விலை ஒரே நாளில் 9 வீதத்துக்கு மேல் விழுந்தது. அங்கே இளைப்பாறியோர் பலர் அந்த வங்கியின் பங்கிலாபத்தை ஓய்வூதியம்போல நம்பியிருந்தவர்கள். அவர்களுடைய கோபம் பல மாதம் வரை ஆறவில்லை. நம் நாட்டிலும் இறுதிப் பங்கிலாபம் என்பது பெரும்பாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் பங்குதாரரின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது என்பதை அறிவித்தலின் அடியிலுள்ள சிறிய எழுத்துக்களிற் காணலாம். சிறிய எழுத்துக்களை வாசிக்கப் பழக்குவதும் பள்ளிக்கூடங்களின் வேலைகளில் ஒன்றென்று நான் நினைப்பதுண்டு. பாடவிதானத்தில் அதற்கு இடமில்லை.

அப்படியாயின் இந்த முறையால் எவருமே பயனடைந்ததில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். அடைந்தவர்கள் உண்டு. 1980ஆம் ஆண்டுகளில் யப்பானிய ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் அமெரிக்கப் பங்குகளை உரிமை நீங்கு நாளை ஒட்டிப் பெருந்தொகையாக வாங்கி விற்றன. அந்நாட்டுச் சட்டப்படி, காப்புறுதி எடுத்தோருக்கு அவை பகிர்ந்தளிப்பதை வட்டி, பங்கிலாபம் போன்ற நடைமுறை வருமானத்திலிருந்தே கொடுக்கவேண்டும். விலையேற்றத்தால் வந்த ஆதாயத்திலிருந்து கொடுத்தலாகாது. எனவே, விலையில் ஒரு ரூபாவை இழந்து பங்கிலாபமாக ஒரு ரூபாவைப் பெறுவது அவற்றுக்கு நட்டமன்று, தேவை. அமெரிக்காவிலேயும் கம்பனிகள் பிற கம்பனிகளிடமிருந்து பெறும் பங்கிலாபத்துக்கு வரிச்சலுகை இருந்தமையால், அவை இவ்வாறு செய்துவந்தன. குறைந்தது 16 நாட்கள் பங்கை வைத்திருந்தாற் போதுமென்றிருந்த விதியை 1984ஆம் ஆண்டிற் சட்டமன்றம் 46 நாட்களாக உயர்த்தி அந்த வழியை ஒடுக்கியது. இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஏனையோருக்கில்லாத ஒரு வரி நிலையோ சட்ட நிலையோ அவர்களுக்கு இருந்தது. தரகுக் கூலியும் அவர்களுக்கு மிகச் சொற்பம். இளைப்பாறிய ஆசிரியருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பங்கிலாபத்துக்கு வரி உண்டு. பட்டியலிட்ட பங்கின் விலையாதாயத்துக்கு நம் நாட்டில் வருமான வரி விலக்கு உண்டு. ஆகவே, வரியில்லாத விலையைக் கொடுத்து வரியுள்ள பங்கிலாபத்தை வாங்குகின்ற தலைகீழ் வியாபாரமே அவருக்கு வாய்க்கிறது.

இதிலிருந்து பயனுள்ள ஒரு முடிவும் கிடைக்கிறது. நல்ல கம்பனியொன்றைத் தேர்ந்து, அதன் கணக்கறிக்கைகளைப் படித்து, பத்தாண்டு வைத்திருக்கும் எண்ணத்தோடு ஒருவர் வாங்கப்போகிறாரென்று கொள்வோம். உரிமை நீங்கு நாள் அடுத்த வாரமாயின், அவர் அவசரப்படவேண்டிய காரணம் எதுவுமில்லை. 100 ரூபாவுக்கு வாங்கி, வரி போக 4 ரூபா 25 சதம் பெற்று, 95 ரூபாப் பங்கோடு நிற்பதிலும், ஒரு வாரம் பொறுத்து அதே பங்கை 95 ரூபாவுக்கு வாங்குவது சற்று நன்று. 5,000 பங்குகளில் 3,750 ரூபா வரி மிச்சமாகிறது. பொறுத்திருக்கும் வாரத்தில் வேறு காரணத்தால் விலை ஏறிவிடவுங் கூடும்; பத்தாண்டுக்கு வாங்குபவருக்கு அதுவும் பெரிய விடயமன்று. எந்தக் கம்பனி, அது எவ்வாறு உழைக்கிறது, கடன் எவ்வளவு, ஆண்டுதோறும் பங்கிலாபம் கொடுத்து வந்திருக்கிறதா, இவ்வாண்டு கொடுத்த பெருந்தொகை ஒரு காணியை விற்றதால் வந்ததா அல்லது தொழிலால் வந்ததா என்பவற்றை ஆராயச் செலவிடும் ஒரு மாலைப்பொழுது, திகதிகளைத் தேடிச் செலவிடும் ஒரு மாதத்திலும் பெறுமதி மிக்கது. 1896ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டக் கம்பனிகளின் பங்குகளை வைத்துக் கொழும்பிற் பங்கு வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்தே தோட்டத்தைப் பார்த்து வாங்கியவர்கள் இருந்தார்கள், பறிப்பு நாளைப் பார்த்து வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

விற்கவேண்டியவர்களின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக் கூரைக்கோ பணம் தேவைப்பட்டு, ஏற்கனவே கையிலுள்ள பங்கை விற்க நேர்ந்தால், உரிமை நீங்கு நாளுக்கு முன் விற்பதா, பின் விற்பதா? முன்னர் விற்றால் 100 ரூபா. பின்னர் விற்றால் 95 ரூபாவும், வரி போன பங்கிலாபம் 4 ரூபா 25 சதமும். மொத்தம் 99 ரூபா 25 சதம். விலை முழுவதும் இறங்குமாயின் முன்னர் விற்பது 75 சதம் மேல். விலை 4 ரூபா மட்டும் இறங்குமாயின் பின்னர் விற்பது 25 சதம் மேல். வித்தியாசம் இரு பக்கத்திலும் ஒரு ரூபாவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, பணம் எந்தத் திகதிக்கு வேண்டும் என்பதைக் கொண்டே தீர்மானிக்கலாம். பங்கை விற்ற பணம் சில நாட்களில் வந்துவிடும். பங்கிலாபத்துக்குச் சில வாரங்கள் காத்திருக்க நேரும். பல்கலைக்கழகத்துக்கோ மேசனுக்கோ கட்டவேண்டிய பணம் அதற்குமுன் தேவையாயின், 25 சதத்துக்காகப் பொறுத்திருக்கவேண்டியதில்லை.